மூவோ பக்கம் திரும்பாதே

கப்பலிலிருந்து, சான்டோஸ் துறைமுகத்துக்கு வெளியே
பிப்ரவரி 3

டெசா,

போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் நம்மில் ஒருவர் கத்திவிடுகிறோம். அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன். எழுத்தில் கத்த முடியாது.

நாங்கள் இன்னும் நங்கூரத்தில்தான் நிற்கிறோம். சோயா ஏற்ற வந்த கப்பல்கள் கண்ணுக்கெட்டிய தூரம்வரை வரிசை கட்டியிருக்கின்றன. எங்கள் முறை எப்போது வரும் என்பது கேப்டனுக்கும் தெரியாது, கடவுளுக்கும் தெரியாது. இயந்திர அறையில் வேலை முடிந்ததும் மேல்தளத்தில் ஓடுகிறேன். சரக்கறை மூடிகளைச் சுற்றி ஒரு வட்டம், மறுபடியும் ஒரு வட்டம். செக்குமாடு தேவலை, அதற்காவது எண்ணெய் வருகிறது.

ஓடி முடித்ததும் செயலியைத் திறந்து நீ ஓடின பாதையைப் பார்ப்பேன். நம் ஊர் கோட்டோர் இங்கே எனக்கு அது ஒன்றுதான். டோப்ரோட்டாவில் நம் வீட்டு வாசலில் உன் கோடு புறப்படும். கரையோரமாகத் தெற்கே வந்து, ஆற்று வாசல் வழியாகப் பழைய நகரத்துக்குள் நுழையும். சந்துகளுக்குள் நூல் சிக்கின மாதிரி நெளியும். கோட்டைப் படிகளில் பாதி ஏறி, அந்தச் சின்ன தேவாலயத்தைத் தொட்டுவிட்டு இறங்கும். நகரத்தின் தெற்கு முனை, குர்டிச் வாசலில் திரும்பி வீட்டுக்கு வரும். நான் போட்டுக் கொடுத்த பாதை. எந்தப் படியில் உனக்கு மூச்சு வாங்கும் என்பதுகூட எனக்குத் தெரியும்.

புத்தாண்டுக்குப் பிறகு அந்தக் கோடு மாறிவிட்டது. குர்டிச் வாசலில் திரும்புவதில்லை. வளைகுடாவின் முனையைச் சுற்றிக்கொண்டு எதிர்க்கரையில் மூவோவுக்குப் போகிறது. அங்கே தினமும் ஒரே இடத்தில், ஒரு காபி குடிக்கிற நேரம் நிற்கிறது. அப்புறம் திரும்புகிறது.

முதலில் ஷூ கயிறு அவிழ்ந்திருக்கும் என்று நினைத்தேன். தினமுமா அவிழும்? நான் பிறந்த வீட்டு வாசலிலேயா அவிழும்?

எனக்குத் தெரியாமல் அவரைப் பார்க்கப் போகிறாயா? ஆமாம், இல்லை, ஒரு வார்த்தை எழுது போதும்.

ஏப்ரல் பந்தயத்துக்கு நம் இருவர் பெயரையும் கொடுத்துவிட்டாயா? மார்ச் கடைசியில் நான் இறங்கிவிடுவேன். படிகளை விடாதே. சமதரையில் மட்டும் ஓடினால் தொடை வலுக்காது.

நிக்ஷா


கோட்டோர்
பிப்ரவரி 6

நிக்ஷா,

எழுத்துல கத்த முடியாதா? இதோ கத்தறேன், காதைப் பொத்திக்கோ.

நான் வீட்டை விட்டு வெளிய கால் வைக்கறதே அந்த ஒரு மணி நேரம்தான். அப்புறம் நாள் பூரா மருந்துக் கடையில நின்னுக்கிட்டு மத்தவங்க மூட்டுவலி கதை கேக்கறேன். அந்த ஒரு மணி நேரத்தையும் உலகத்தோட அந்தக் கோடியில உக்காந்துக்கிட்டு விரலால தடவிப் பாக்கறியா? எங்க நின்னா, எவ்வளவு நேரம் நின்னான்னு? கல்யாணம் பண்ணிக்கிட்டது உன்னையா, துறைமுகக் காவலையா?

ஆமாம். போறேன். உன் ஒரு வார்த்தை இதுதான். இனி என் வார்த்தைங்களைக் கேளு.

ஜனவரி முதல் வாரம் விடாத மழை. மதில்லேருந்து கல்லு சரிஞ்சு கோட்டைப் படியை மூடிட்டாங்க. நீ கப்பல்ல இருந்துக்கிட்டு "படியை விடாதே"ன்னா நான் என்ன கயிறு கட்டியா ஏறுவேன்? இந்த மாசத்துல நம்ம கரை பூரா மலை நிழல். சூரியன் முதல்ல எதிர்க்கரைக்குத்தான் போகும்னு உனக்கே தெரியும். வெயில் தேடித்தான் மூவோ பக்கம் ஓடினேன். சத்தியமா அதுக்கு மேல ஒரு நினைப்பும் இல்ல.

உங்கப்பா வாசல்ல நின்னுக்கிட்டிருந்தார். முகத்தை வானத்துக்குத் தூக்கி, கையில கண் மருந்து பாட்டில். ஒரு சொட்டு மூக்குல, ஒரு சொட்டு மீசையில. கை அப்படி நடுங்குது.

"மாமா, என்ன பண்றீங்க?"

"யாரது? தபால்காரியா?"

"டெசா."

பாட்டிலை இறக்கினார். அப்புறம் கேட்டார், "எதுக்கு மூச்சு வாங்குது? யாரு துரத்தறா?"

"யாரும் துரத்தல. ஓடறேன்."

"துரத்தாமலே ஓடறியா? அவன் உன்னையும் கெடுத்து வச்சிருக்கான்."

நான் உன் பேரை எடுக்கல. அவரும் எடுக்கல, "அவன்"னுதான் சொன்னார். அந்த பாட்டிலை வாங்கிப் பாத்தேன், நான் வேலை செய்யற கடையில வாங்கினதுதான். பக்கத்து வீட்டு ஸ்லாவ்கா சீட்டைக் கொண்டு வந்து மாசாமாசம் வாங்கிட்டுப் போவா. யாருக்குன்னு தெரிஞ்சும் நான் கண்டுக்காம எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்தேன், உனக்காக. நாலு வருஷமா.

கண்ல அழுத்தம் ஏறிக்கிட்டே போகுது. ரெண்டு வகை சொட்டு மருந்து. ஒண்ணு விட்டு, கொஞ்சம் இடைவெளி குடுத்து, அப்புறம்தான் இன்னொண்ணு. சேர்த்து விட்டா முதல்ல விட்டது கழுவிக்கிட்டுப் போயிடும். அதான் நீ பாத்த காபி குடிக்கிற நேரம். காபியும் இல்ல ஒண்ணும் இல்ல. அவர் கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருப்பார், நான் காலை நீட்டித் தசையை இழுத்துவிட்டுக்கிட்டு இருப்பேன். அவ்வளவுதான் நம்ம சதி.

பந்தயத்துக்கு ரெண்டு பேர் பேரும் குடுத்தாச்சு. நீ வந்தா ஓடு.

டெசா


கப்பலிலிருந்து
பிப்ரவரி 10

டெசா,

வேண்டாம். விட்டுவிடு. நகராட்சியில் வீட்டுக்கு வரும் நர்ஸ் இருக்கிறார்கள், ஸ்லாவ்கா இருக்கிறாள். அவருக்கு நீ தேவையில்லை. யாருமே தேவையில்லை என்று அவரே என்னிடம் சொன்னதுதான்.

நீ மறந்துவிட்டாய் போல. எனக்கு மறக்கவில்லை. அம்மா போன செய்தி வந்தபோது நாங்கள் சிங்கப்பூரைத் தாண்டிக்கொண்டிருந்தோம். போனில் அவரிடம் கெஞ்சினேன், "ரெண்டு நாள் பொறுங்கப்பா, வந்துடறேன்" என்று. "சரி" என்றார். "சரி" என்றார், டெசா. படகு பிடித்து, மூன்று விமானம் மாறி, கப்பலின் இரண்டாம் அதிகாரியிடம் ஒரு கறுப்புக் கோட்டு இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு வந்து இறங்கினேன். கல்லறையின் மேல் சிமென்ட் காய்ந்திருந்தது. "ஏன் பொறுக்கவில்லை?" என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: "கப்பல்காரனுக்காகச் சவம் காத்திருக்காது." அன்றைக்கு அந்த வாசலை விட்டு இறங்கினவன்தான் நான்.

என் அம்மா முகத்தை எனக்குக் காட்டாத மனிதருக்கு என் மனைவி கண் மருந்து விடுகிறாள்.

மூன்று புதிய பாதைகள் போட்டு அனுப்பியிருக்கிறேன். டோப்ரோட்டா கரையிலேயே வடக்கே போகிற ஒன்று. பழைய நகரத்துச் சந்துகளுக்குள்ளேயே சுற்றுகிற ஒன்று. மதிலுக்குப் பின்னால் மலையில் ஏறுகிற பழைய கழுதைப் பாதை ஒன்று. மூன்றுமே அழகானவை. மூவோ பக்கம் மட்டும் திரும்பாதே. இது ஒன்றைத்தான் கேட்கிறேன்.

நிக்ஷா


கோட்டோர்
பிப்ரவரி 20

நிக்ஷா,

நீ கேட்டதைச் செஞ்சேன். உன் மூணு அழகான பாதையையும் ஓடிப் பாத்துட்டேன். சொல்றேன் கேளு.

வடக்குக் கரை. தெக்குக் காத்து அடிச்சுக்கிட்டிருக்கற வாரம். அலை ரோட்டு மேலயே ஏறி வருது. முழங்கால் வரைக்கும் நனைஞ்சு, பாசியில வழுக்கி, ஒரு நாய் வேற விரட்டிச்சு. உங்கப்பா சொன்ன மாதிரி துரத்தறதுக்கு ஒரு ஆள் கிடைச்சுது.

பழைய நகரத்துச் சந்து. அழகுதான், யாரு இல்லைன்னா? மழை பெஞ்ச கல்லு எண்ணெய் தடவின தட்டு மாதிரி. சாமான் வண்டிக்காரங்க "ஓரம் போ ஓரம் போ"ங்கறாங்க. பூனைங்க நகராது, அதுங்களுக்கு இது பரம்பரைச் சொத்து. கடிகாரக் கோபுரத்துக்கிட்ட ஹோட்டல்காரன் தண்ணியடிச்சுத் தரையைக் கழுவிக்கிட்டே, "இன்னும் எத்தனை சுத்தம்மா? தலை சுத்துது"ங்கறான்.

கழுதைப் பாதை. கழுதைக்குத்தான் அது.

சரி, சிரிக்கறதை நிறுத்து. நான் சிரிச்சுக்கிட்டு எழுதல.

அந்த வாரம் முடிஞ்சு ஞாயித்துக்கிழமை மனசு கேக்கல. மூவோவுக்குத்தான் போனேன். கதவு திறந்து கிடந்துது. சமையலறைத் தரையில சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தார். முன்னால வாந்தி. இடது கண்ணு ரத்தக்கட்டி மாதிரி. தலையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, "யாரு? யாரு?"ன்னார். ஸ்லாவ்கா மக வீட்டுக்குப் போயிருக்கா, மருந்து பாட்டில் உருண்டு அடுப்புக்கு அடியில கிடக்கு. கையால தடவித் தடவித் தேடியிருக்கார், கிடைக்கல. யாரையும் கூப்பிடல. கூப்பிடற வழக்கம் உங்க குடும்பத்துலயே கிடையாதே.

ஆம்புலன்ஸ்ல உக்காந்திருக்கும்போது அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு: "ஏன் பொண்ணே, ஒரு வாரமா வரல? கால்ல அடியா?"

நான் என்ன பதில் சொல்லியிருக்கணும்னு நீயே எழுது.

இடது கண்ணு போச்சு, நிக்ஷா. வலது கண்ணை ஆபரேஷன் பண்ணிக் காப்பாத்தலாம், தலைநகரம் போட்கோரிட்சாவுக்குக் கூட்டிட்டுப் போகணும்னு டாக்டர் சொல்றார். "ஒத்தைக் கண்ணு போதும், அதுவும் போனா போகட்டும், பாக்க என்ன இருக்கு"ங்கறார் இவர். நான் சொன்னா கேக்க மாட்டேங்கறார். நீ ஒரு வரி எழுதினா கேப்பார்னு தோணுது. அவர் கேக்கல, நான்தான் கேக்கறேன்.

செயலியில என் பாதையை மூடிட்டேன். இனிமே நீ பாக்க முடியாது. நான் எங்க நின்னேன்னு தெரியணும்னா, கேளு.

டெசா


கப்பலிலிருந்து
பிப்ரவரி 27

டெசா,

கண் விஷயம் கேட்டு வருத்தம். நர்ஸ் வைக்க ஏற்பாடு செய், பணம் அனுப்புகிறேன்.

நீ ஒரு வாரம் போகாததுதான் காரணம் என்று எழுதாமல் எழுதியிருக்கிறாய். அதாவது நான்தான் காரணம். நாலு வருஷமாக அந்த வீட்டில் நான் இல்லை, அப்போதெல்லாம் கண் இருந்தது. இப்போது பூமியின் மறுபக்கத்தில் நின்றுகொண்டு ஒரு மனிதனின் கண்ணைப் பறித்துவிட்டேனாக்கும்.

அவருக்கு எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. நாலு தடவை உட்கார்ந்தேன். "அப்பா" என்று எழுதினதும் கை நின்றுவிடுகிறது.

கம்பெனியில் ஒப்பந்தத்தை மே கடைசிவரை நீட்டிக்க முடியுமா என்று கேட்டார்கள். எனக்கு மாற்றாக வர வேண்டியவன் வரவில்லையாம். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து நான் என்ன செய்யப் போகிறேன்? உன் கோடு இல்லாத செயலியைக் காலையில் திறந்து பார்க்கிறேன். வெறும் தண்ணீரும் மலையும்தான் இருக்கிறது.

இங்கே வெக்கை. சமையல்காரன் மூன்று நாளாக அதே கோழியைப் போடுகிறான். ஓடுவதை நிறுத்திவிட்டேன்.

நிக்ஷா


கோட்டோர்
மார்ச் 5

கையெழுத்துப் போட்டுட்டேன்னு சொல்றியா? போடலாமான்னு கேக்கல, போட்டுட்டேன்னு சொல்ற. நாலு தடவை உக்காந்தும் "அப்பா"வுக்கு மேல ஓடாத கை, கம்பெனிக்காரன் நீட்டின காகிதத்துல மட்டும் சரசரன்னு ஓடுது இல்ல?

ரெண்டு பேர் பேர் குடுத்த பந்தயத்துல நான் மட்டும் ஓடறேன். போன வருஷமும் அப்படித்தான். அதுக்கு முந்தின வருஷமும் அப்படித்தான். உன் பாதை, உன் பயிற்சி, உன் நேரக் கணக்கு எல்லாம் வருது, நீ மட்டும் வர்றதில்ல. எனக்குப் புருஷன் இருக்கானா, இல்ல மேப்புல ஒருத்தன் இருக்கானான்னு கடையில கூட வேலை செய்யற பொண்ணு கேக்கறா. சிரிச்சுக்கிட்டேதான் கேக்கறா. எனக்குச் சிரிப்பு வரல.

இப்போ இதைப் படி. நின்னுக்கிட்டுப் படிச்சா உக்காந்துக்கோ.

நேத்து முதல் சொட்டு விட்டுட்டு அடுத்ததுக்காக இருந்தோம். கண்ணை மூடிக்கிட்டிருந்தார். அப்போ கேட்டுட்டேன்.

"மாமா, அன்னிக்கு ஏன் அவனுக்காக ரெண்டு நாள் பொறுக்கல?"

"ரெண்டாவது சொட்டு விடு."

"இன்னும் நேரம் ஆகல. சொல்லுங்க."

"வெயில்."

"வெயில்னா?"

"ஆகஸ்ட் மாசம்டி. மலையில காடு எரிஞ்சுது, கரண்ட் கம்பம் பூரா போச்சு. உனக்கு ஞாபகம் இல்ல? நீ கடையில இருக்கற இன்சுலினை ஐஸ் பெட்டியில போட்டுக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சே."

ஞாபகம் வந்துது. அன்னிக்கு ராத்திரி பூரா நான் அத்தை பக்கத்துல இல்ல. மறுநாள் வந்தப்போ பெட்டியை மூடி வச்சிருந்தாங்க. சுத்திலும் கொத்துக் கொத்தா ரோஸ்மேரி, அந்த வாசனைச் செடி. அழகுக்கு வச்சிருக்காங்கன்னு நினைச்சேன்.

"தேவாலயத்துப் பின்னறையில நான் ஒத்தையா உக்காந்திருந்தேன்"னார். "மறுநாள் காலையில அவ முகமே மாறிப்போச்சு. அவ தங்கச்சி கிட்ட வந்துட்டு மூக்கைப் பொத்திக்கிட்டா. அவ எப்படிப்பட்டவ? வாசல் துடைக்கற துணியைக்கூட இஸ்திரி போடுவா. அவளைப் பாத்து ஒருத்தி மூக்கைப் பொத்தறா. மூடுங்கடான்னுட்டேன். உடனே எடுங்கடான்னுட்டேன்."

"இதை அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே மாமா?"

"என்னன்னு சொல்ல? உங்கம்மா நாறினாள்னா?"

அப்புறம், "என்னைத் திட்டிக்கிட்டே இருக்கட்டும். அதுல ஒண்ணும் குறைஞ்சு போகல"ன்னார். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார்.

நான் சத்தியத்தை மீறிட்டேன். ரெண்டு ஆம்பளைங்க ரகசியத்தையும் தூக்கிக்கிட்டு ஓட என் முழங்கால் தாங்காது. எனக்கு நாப்பத்தி மூணு வயசாகுது.

இனி உன் பாடு. எழுதினா எழுது, எழுதாட்டி போ.

டெசா


கப்பலிலிருந்து, கடலில்
மார்ச் 22

டெசா,

உன் கடிதம் வந்த அன்றுதான் எங்களுக்குத் துறைமுகத்தில் இடம் கிடைத்தது. சரக்கு ஏற்றுகிற வேலையில் எழுத முடியவில்லை என்று சொல்லலாம். பொய். எழுத முடியவில்லை, அவ்வளவுதான்.

முதலில் அவர் மேல் இன்னும் கோபம் வந்தது. ஏன் அன்றைக்கே சொல்லவில்லை? நான் என்ன குழந்தையா? எத்தனை கப்பலில் எத்தனை சாவைப் பார்த்தவன்? அப்புறம் உன் மேல் கோபம், சத்தியம் செய்துவிட்டு ஏன் சொன்னாய் என்று. அப்புறம் அம்மாவின் தங்கை மேல். கடைசியில் அந்தக் காட்டுத் தீ மேல்கூடக் கோபப்பட்டுப் பார்த்தேன். நாலு வருஷக் கோபத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. எந்தத் துறைமுகத்திலும் இடம் இல்லை.

அவரை மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் எழுத மாட்டேன். "பொறுக்க முடியாது" என்று ஒரு வார்த்தை போனில் சொல்லியிருந்தால் நான் மூன்று விமானத்திலும் அழுதுகொண்டே வந்திருக்க மாட்டேன். ஆனால் அந்த அறையில் அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று ஓடும்போது யோசித்தேன். ஆமாம், மறுபடியும் ஓடுகிறேன். பெட்டியை மூடத்தான் சொல்லியிருப்பேன்.

கேப்டனிடம் போய் நீட்டிப்பை ரத்து செய்ய முடியுமா என்று கேட்டேன். "கையெழுத்துப் போடும்போது பேனாவை யார் பிடிச்சிருந்தா?" என்றார். மாற்று ஆள் கிடைத்தால் ராட்டர்டாமில் இறக்கிவிடுகிறேன், உறுதி தர முடியாது என்கிறார். எனக்கு நானே போட்டுக்கொண்ட பூட்டு.

கீழே இருப்பது அவருக்கு. படித்துக் காட்டு. நடுவில் உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காதே.

"அப்பா, கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணிக்கொள்ளுங்கள். பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்களாம். நான் வந்தால் திட்டுவதற்கு ஆளை நேராகப் பார்த்துத் திட்ட வேண்டாமா? டெசா சொன்னதை நான் படித்துவிட்டேன். அவளைக் கோபிக்க வேண்டாம். நிக்ஷா."

இதற்கு எனக்குப் பதினேழு நாள் ஆயிற்று. சிரிக்காதே.

நி.


கோட்டோர்
ஏப்ரல் 28

நிக்ஷா,

ரெண்டு சேதி. ஒண்ணு சுமார், இன்னொண்ணு சுமாருக்கும் கீழ.

உன் நாலு வரியைப் படிச்சுக் காட்டினேன். சொன்ன மாதிரி என் சரக்கு ஒண்ணும் சேர்க்கல. "டெசா சொன்னதை"ங்கற இடம் வந்தப்போ என் பக்கம் திரும்பி, "உன்கிட்ட ஒரு வார்த்தையைக் குடுக்கறதும் மீன் சந்தையில சொல்றதும் ஒண்ணுதான்"னார். அப்புறம் ரெண்டு நாள் என்கூடப் பேசல. சொட்டு விடும்போது மட்டும் தலையைத் தூக்குவார், அவ்வளவுதான். மூணாவது நாள், "அந்தப் போட்கோரிட்சா பஸ் எத்தனை மணிக்கு?"ன்னார்.

ஆபரேஷன் ஆச்சு. முழுசா சரியாகல. பெரிய எழுத்து தெரியுது, முகத்தைக் கிட்ட கொண்டு போனா தெரியுது, படி இறங்கக் கை வேணும். இதுக்கு மேல எதிர்பார்க்காதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்னு வேற சொன்னார். எனக்கு அந்த டாக்டர் மேசையைத் தலைகீழா கவுக்கணும் போல இருந்துது. அவர் மேல ஒரு தப்பும் இல்ல.

அடுத்தது பந்தயம். ஞாயித்துக்கிழமை. அன்னிக்குன்னு பாத்து ரெண்டு பெரிய உல்லாசக் கப்பல் வந்து நிக்குது. கடல் வாசல்ல கும்பல், எல்லார் கையிலயும் ஐஸ்கிரீம். ஓட்டக்காரங்க ஒரு பக்கம், சுத்திப் பாக்க வந்தவங்க ஒரு பக்கம், நடுவுல நான். ஒரு அம்மா என்னை நிறுத்தி, கழிப்பறை எங்கன்னு கேக்கறா, நெஞ்சுல நம்பர் ஒட்டியிருக்கு எனக்கு! உன் நம்பர் வீட்டு மேசையில கிடந்துது. அதைப் பாத்துட்டு வந்த கோபத்துலதான் முதல் பாதியை ஓடினேன்னு நினைக்கறேன். அந்தக் கோபம் குர்டிச் வாசல் வரைக்கும்தான் தாங்கிச்சு. அதுக்கப்புறம் வெறும் காலு.

மூவோவில உங்கப்பா நாற்காலி போட்டு ரோட்டோரம் உக்காந்திருந்தார். கண்ணுல கறுப்புக் கண்ணாடி. யாரு வர்றாங்கன்னு தெரியாது, ஆனா கால் சத்தத்தைக் கேட்டே திட்டறார். "காலைத் தூக்கிப் போடுடா, செருப்பா தேய்க்கற!" "மூச்சை விடுடா, வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?" பாவம் பாஷை தெரியாத வெளியூர்ப் பசங்க, உற்சாகப்படுத்தறாருன்னு நினைச்சுக்கிட்டு நன்றி சொல்லிட்டு ஓடறாங்க.

நான் வந்தப்போ அவர் ஒண்ணும் திட்டல. "டெசா, தண்ணி வேணுமா?"ன்னார். நூறு பேர் கால் சத்தத்துல என் காலு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேட்டேன். "இடது கால் இழுக்குது உனக்கு. அந்தப் படியில ஏறினதால வந்தது. எவன் ஏறச் சொன்னான்?"ன்னார்.

நான் நின்னு அழுதுட்டேன், நிக்ஷா. பந்தயத்துக்கு நடுவுல, ரோட்டுல. எதுக்குன்னு கேக்காத. களைப்புதான். பின்னால வந்த ஒரு பொண்ணு அடிபட்டுடுச்சான்னு கேட்டுட்டுப் போனா. அப்புறம் நடந்தே போய் முடிச்சேன். கடைசிக்கு முந்தின ஆள்.

நான் இந்த வீட்டுக்கும் அந்த வீட்டுக்கும் நடுவுல ஓடி ஓடி அலுத்துப் போயிட்டேன். நீ ஜூன்ல வருவேன்னா ஜூன்ல வா. ஆனா மறுபடியும் ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டா, அதோட சேர்த்து நம்ம வீட்டுச் சாவியையும் கம்பெனிக்கே குடுத்துடு. இது மிரட்டல் இல்ல. யோசிச்சுட்டுத்தான் எழுதறேன்.

செயலியை இன்னும் திறக்கல. திறக்கப் போறதும் இல்ல. எனக்கு அது நல்லா இருக்கு, யாரும் பாக்காம ஓடறது.

டெசா


மூவோ
மே 17

டெசா,

ஐந்து தடவை கூப்பிட்டேன். உன் போன் அணைந்திருக்கிறது. டாக்டர் அறையில் இருப்பாய், அல்லது பேருந்து மலைக்குள் போயிருக்கும். அதனால் இதை எழுதுகிறேன். போனா இதுவா, எது முதலில் உனக்குக் கிடைக்கிறதோ கிடைக்கட்டும்.

ராட்டர்டாமில் மாற்று ஆள் கிடைத்துவிட்டான். உன்னிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, அதுவும் நடக்காமல் போனால், நீ எழுதின அந்தச் சாவியை நான் நிஜமாகவே கொடுக்க வேண்டியிருக்கும் என்று பயந்தேன். திடீரென்று வந்து நிற்கலாம் என்று திட்டம் போட்டேன். என் திட்டம் எல்லாம் எப்படி முடியும் என்று உனக்குத் தெரியும். வீடு பூட்டியிருக்கிறது. சாவி பெட்டியில், பெட்டி இன்னும் விமானத்தில் எங்கோ. கடைக்குப் போனேன். கண் பரிசோதனைக்காக உன் மாமனாரைக் கூட்டிக்கொண்டு போட்கோரிட்சா போயிருக்கிறாய் என்று அந்தப் பெண் சொன்னாள். "மேப்புல இருக்கறவர் நீங்கதானா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

அங்கிருந்து நடந்து வந்தேன். ஓடவில்லை. ஓடியிருந்தால் சீக்கிரம் வந்து சேர்ந்திருப்பேன், எனக்கு அவ்வளவு சீக்கிரம் வர தைரியம் இல்லை. குர்டிச் வாசலில் பாலத்தின் மேல் நின்றேன். அதற்கு மேல் போகாமல் திரும்பத்தான் எப்போதும் என் கால் பழகியிருக்கிறது. இரண்டு பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டு, "ஐயா, நிழல் விழுது, மீன் ஓடுது" என்றார்கள். சரி, அவர்களுக்காகவாவது நகர வேண்டியதாயிற்று.

இங்கேயும் பூட்டுதான். ஸ்லாவ்கா ஜன்னலைத் திறந்து பார்த்தாள்.

"யாரு வேணும்?"

"வீட்டுக்காரர்."

"ஊருக்குப் போயிருக்கார். நீ யாரு?"

"மகன்."

"அவருக்கு ஒரே மகன். அவன் வரமாட்டான்."

"வந்துட்டேன், ஸ்லாவ்கா அம்மா."

உற்றுப் பார்த்தாள். சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். பிறகு கீழே இறங்கி வந்து, ஆசை தீரத் திட்டினாள். அம்மா இருந்திருந்தால் இதைவிட நன்றாகத் திட்டியிருப்பாள், ஆனால் இவளும் மோசமில்லை. திட்டி முடித்துவிட்டு, "சாவி என்கிட்ட ஒண்ணு இருக்கு. திறந்து விடட்டுமா? உள்ள போய் உக்காரு, முகம் கழுவு" என்றாள்.

வேண்டாம் என்றுவிட்டேன். அவர் வந்து திறக்கட்டும்.

அவருக்கு நாற்காலி போடுகிற இடத்தில் எனக்கும் ஒன்று போட்டுக் கொடுத்திருக்கிறாள். வெயில் மலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. அவரிடம் என்ன பேச வேண்டும் என்று விமானத்தில் தயார் செய்து வந்தது ஒன்றும் இப்போது ஞாபகம் இல்லை. உன்னிடம் பேச வேண்டியது மட்டும் இருக்கிறது, அது நிறைய இருக்கிறது. அதை எழுத மாட்டேன்.

அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடு. வாசலில் யாரோ ஒருவன் நிற்கிறான் என்று மனிதர் பயந்துவிடக் கூடாது. நீங்கள் எத்தனை மணிக்கு வந்தாலும் சரி, நான் இங்கேதான் இருக்கிறேன்.

நிக்ஷா